எலிவேஷன் படம் போதும், கொஞ்சம் உள்ளே போவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வாரக் கடைசி இணைப்பில் வீடு, கடை, கலைக்கூடம் என்று புதுமையான கட்டடங்களைப் பற்றிப் படங்களோடு வருகிற பக்கங்களை விடாமல் பார்க்கிறவன் நான். பாளையங்கோட்டையில் வீட்டு பிளான் வரைந்து கொடுப்பது என் தொழில். எஞ்சினியர் இல்லை, ஆர்க்கிடெக்ட்டும் இல்லை, டிராஃப்ட்ஸ்மேன். அதனால் அந்தப் பக்கத்தை ரசித்துவிட்டு மடித்து வைக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் யாராவது ஒருத்தர் அதைக் கத்தரித்தோ செல்போனில் படம் பிடித்தோ கொண்டுவந்து மேஜையில் வைத்து, "அண்ணாச்சி, இதே மாதிரி எலிவேஷன் வேணும்" என்பார். உள்ளே எத்தனை ரூம், காற்று எங்கே வரும், அடுக்களை எந்தப் பக்கம் என்பதெல்லாம் அப்புறம். முதலில் எலிவேஷன், அதாவது முகப்புத் தோற்றம்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நீங்கள் அச்சிடுவது பெரும்பாலும் முகப்புப் படம்தான். சாயங்கால வெளிச்சத்தில், விளக்கெல்லாம் போட்டு, வாசலில் ஒரு செருப்புகூட இல்லாமல் எடுத்த படம். கீழே கட்டியவர் பேர், சதுர அடி, மரபும் நவீனமும் கலந்த இல்லம் என்று ஒரு வரி. அந்த வீட்டில் மே மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு எந்த அறையில் மனுஷன் உட்கார முடியும், ஐப்பசி மழையில் துணி எங்கே காயும், நாலு பேர் வந்துவிட்டால் வீட்டுப் பெண்கள் அடுக்களைக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டுமா என்பது எதுவும் அந்தப் படத்தில் தெரியாது. புதுமையைத் தேட வேண்டிய இடம் முகப்பு இல்லை, உள்ளே இடத்தை எப்படிப் பிரித்தார்கள், எப்படிச் சேர்த்தார்கள் என்பதில்தான் அது இருக்கிறது என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் ஒசாகா நகரத்தில், சுமியோஷி என்ற பகுதியில், தடாவ் ஆண்டோ என்ற ஆர்க்கிடெக்ட் 1976-இல் கட்டிய ஒரு சின்ன வீடு இருக்கிறது. கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகளுக்கு உலகம் முழுக்க அது பாடம். அதன் எலிவேஷன் என்ன தெரியுமா? பூசாத கான்கிரீட் சுவர், நடுவில் ஆள் நுழைய ஒரு திறப்பு. அவ்வளவுதான், தெருப்பக்கம் ஜன்னல்கூடக் கிடையாது. இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல அடுத்த வீடுகள், அகலம் நம் கணக்கில் பதினோரு பன்னிரண்டு அடி. ஆனால் நீளத்தை மூன்றாகப் பிரித்து நடுப்பங்கை வானம் பார்க்க அப்படியே விட்டுவிட்டார் அந்த மனுஷன். வெளிச்சம், காற்று, மழை எல்லாமே அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். மாடிப் படுக்கையறையிலிருந்து கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் அந்தத் திறந்தவெளியைத் தாண்டியாக வேண்டும், மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு. இதைக் கேட்டு வேறு ஊர்க்காரர்கள் வாயைப் பிளக்கலாம். நம் திருநெல்வேலி டவுனில் ரத வீதிகளுக்குப் பின்னால் உள்ள தெருக்களில் வளர்ந்த யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், "எங்க ஆச்சி வீட்ல அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். நடை, தார்சா, பட்டாசல் என்கிற கூடம், முற்றம், அரங்கு என்கிற உள்ளறை, அடுக்களை, புறவாசல், கிணறு என்று நேர்கோட்டில் போகும் அந்த வீடுகளிலும் தெருப்பக்கம் பார்க்க ஒன்றும் இருக்காது. ஒரு கதவு, ஒரு திண்ணை, ஒரு விளக்கு மாடம்.

அதைவிட எனக்கு வேடிக்கையாக இருந்தது டோக்கியோவில் ரியூயே நிஷிசாவா 2005-இல் முடித்த மொரியாமா வீடு. ஒரே மனையில் பத்துத் தனித்தனி வெள்ளைப் பெட்டிகள், சில ஒற்றை அறை அளவு, சில மூன்று மாடி. குளிக்கிற இடம்கூட தனிப் பெட்டி. வீட்டுக்காரர் சிலவற்றில் தான் குடியிருந்துகொண்டு மிச்சத்தை வாடகைக்கு விடுகிறார். பெட்டிகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் செடி கொடி, நாற்காலி, போகிற வருகிற ஆட்கள். இது நம்மூர் வளவு அல்லாமல் வேறென்ன? முன்னால் சொந்தக்காரர் வீடு, பக்கத்தில் முடுக்கு, முடுக்கு வழியாக உள்ளே போனால் வரிசையாகக் குடித்தன வீடுகள், எல்லாருக்கும் சேர்த்து ஒரு கிணறு, ஒரு துவைகல். ஒரு வித்தியாசம் உண்டு, அதுதான் முக்கியம். வளவில் ஒரு வீட்டுச் சண்டை அத்தனை வீட்டுக்கும் கேட்கும், ஒருத்தர் ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு உலைப்பானை தெரியும், கக்கூஸுக்கு வரிசை. நிஷிசாவா ஒரு பெட்டியின் ஜன்னலுக்கு நேரே அடுத்த பெட்டியின் ஜன்னல் வராதபடி தள்ளித் தள்ளி வைத்தார். முடுக்கும் பேச்சுத்துணையும் இருக்கும், ஒட்டுக்கேட்பது மட்டும் இருக்காது. புதுமை என்று நான் சொல்வது இந்தத் தள்ளி வைத்ததை. அது முகப்புப் படத்தில் வராது, பிளானைப் பார்த்தால்தான் தெரியும். டவுனிலும் பேட்டையிலும் பழைய வளவுகளை ஒவ்வொன்றாக இடித்து அதே இடத்தில் அப்பார்ட்மென்ட் எழுப்புகிறோமே, அவற்றில் ஒன்றையாவது இந்த மாதிரி யோசித்துக் கட்டினால் என்ன என்று நான் கேட்டால் பில்டர்கள் சிரிக்கிறார்கள். சதுர அடி விலை அப்படி.

பழைய வீடெல்லாம் சொர்க்கம் என்று நான் பாட வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அரங்கு பகலிலேயே இருட்டு. அடுக்களையில் புகை போக ஒரு கூண்டு, அது போனால் போகும், இல்லாவிட்டால் கண்ணில்தான். வீட்டின் காற்றோட்டமான முன்பாதி முழுக்க ஆண்களுக்கு, புகையும் ஈரமுமான பின்பாதி பெண்களுக்கு. திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவோடு நின்று பேசிவிட்டுப் போக வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்தது. அந்தத் திண்ணையை இப்போது விடுதி முகப்பில் கொண்டுபோய் ஒட்டி, பாரம்பரியம் என்று போர்டு வைக்கிறார்கள். அதில் உட்காருகிற ஆள் யாரும் கிடையாது, போட்டோ எடுக்கத்தான். பழசின் முகப்பைக் காப்பி அடிப்பதும் எலிவேஷன் பைத்தியம்தான், அது கொஞ்சம் விலை கூடிய பைத்தியம்.

சரி, இன்றைக்கு நம் பக்கத்தில் ஒரு சாதாரணக் குடும்பம் கட்டுகிற வீட்டுக்கு வருவோம். மூன்று சென்ட் மனை, இருபத்தாறுக்கு ஐம்பது என்று வைத்துக்கொள்ளுங்கள், 1300 சதுர அடி. இரண்டு பக்கமும் மூன்று மூன்றடி விட்டால் 300 சதுர அடி போச்சு. மனையில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. அந்த இரண்டு சந்துகளிலும் என்ன இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள்: ஏசியின் வெளிப்பெட்டி, செப்டிக் டேங்க் மூடி, உடைந்த சைக்கிள், மிச்சம் வந்த டைல்ஸ். பக்கத்து வீட்டுக்காரரும் அதே மூன்றடி விட்டிருப்பார், நடுவில் மதில். ஜன்னலைத் திறந்தால் எதிரே அவர் ஜன்னல், அதனால் இரண்டு பேருமே திறப்பதில்லை. காற்றுக்காக விட்ட இடத்தில் காற்று இல்லை. அதே 300 சதுர அடியைச் சேர்த்து நடுவில் வைத்தால் பதினைந்துக்கு இருபதில் ஒரு முற்றம். ஒரு வேப்பங்கன்று வைக்கலாம், கல்யாணப் பேச்சுக்கு இருபது பேர் உட்காரலாம். தொடர்ச்சியாக வீடுகள் இருக்கும் பழைய தெருக்களில் பக்கச் சந்து விடாமல் கட்ட விதியே இடம் கொடுக்கிறது, புது லேஅவுட்களில் கிடையாது. நான்கு மனைக்காரர்கள் சேர்ந்து ஒருவர் சுவரோடு ஒருவர் ஒட்டிக் கட்டிக்கொள்கிறோம், ஆளுக்கொரு முற்றம் வைத்துக்கொள்கிறோம் என்று கேட்டால் அனுமதிக்க வழி இருக்க வேண்டாமா? 2024 ஜூலையிலிருந்து 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை கட்டுகிற வீட்டுக்கு சுயசான்று முறையில் உடனடி அனுமதி கொடுக்கிறார்கள், நல்ல காரியம், ஆட்களின் அலைச்சல் குறைந்தது. ஆனால் வேகமாக அனுமதி வாங்கி வேகமாகக் கட்டுவதும் அதே பெட்டிதான்.

முற்றம் வைத்துக் கொடுத்தவர்கள் வீட்டுக்கே இரண்டு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால், கள்ளன் பயம், குரங்குத் தொல்லை, மழைச்சாரல் என்று மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு அடைத்திருப்பார்கள். வெளிச்சம் வரும், வெக்கை வெளியே போகாது. கம்பி போட்டிருந்தால் போதும். முற்றத்துக்குக் கம்பி போடுவது நம் கொத்தனார்களுக்குத் தெரியாத வேலையா?

காற்றைப் பற்றி நம் ஊருக்கென்று ஒரு சங்கதி உண்டு, அதை எந்தப் புத்தகப் படத்திலும் பார்க்க முடியாது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேல்காற்று பிய்த்துக்கொண்டு வரும், முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாலை நிற்பது அதனால்தான். வெயிலும் மத்தியானத்துக்கு மேல் அதே மேற்கிலிருந்துதான் வரும். அதாவது நமக்கு வேண்டியதும் வேண்டாததும் ஒரே வாசல் வழியாக வருகிறது. மேற்கே பார்த்துப் பெரிய கண்ணாடி வைத்தால் வெயிலை உள்ளே விட்டுக் காற்றை வெளியே நிறுத்தியதாக ஆகும். நேர்மாறாகச் செய்ய வேண்டும், வெயிலை உடைத்துக் காற்றை விட வேண்டும். அதற்குச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலி போதும். ஜாலி சுவரின் பின்னால் ஒரு தாழ்வாரம், அதற்குப் பின்னால் அறை. இதைச் சொன்னால், "தூசி வருமே அண்ணாச்சி" என்பார்கள். வரும்தான், கூட்ட வேண்டும். ஏசி ஃபில்டரையும்தான் கழுவ வேண்டியிருக்கிறது.

ஜாலியின் வேலையை நேரில் பார்க்க வேண்டும் என்றால் நம் ஆட்கள் ரொம்ப தூரம் போக வேண்டாம். ஸ்ரீ சித்திரா ஆஸ்பத்திரிக்கோ ஆர்சிசி என்கிற கேன்சர் ஆஸ்பத்திரிக்கோ வைத்தியத்துக்கு என்று திருவனந்தபுரம் போகாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்தால் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு சிவப்பு வட்டக் கட்டடம், இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் கட்டியது. 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தில் குடியேறி, 2007-இல் அங்கேயே மறைந்தவர். உள்ளே தரை என்று ஒன்று தனியாகக் கிடையாது, சுற்றிச் சுற்றி மேலே போகும் சாய்தளம்தான் ஹோட்டல். வெளிச்சுவரை ஒட்டி வரிசையாக மேஜை பெஞ்சு, எல்லாம் கட்டியே போட்டது, இழுத்துப் போட முடியாது. நடுவில் குழாய், கழிப்பறை. சுவர் முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள், அது வழியாகக் காற்றும் வெளிச்சமும். மசால் தோசை சாப்பிட்டுக்கொண்டே கீழே யார் வருகிறார், மேலே யார் இடம் காலி செய்கிறார் என்று பார்க்கலாம். குறுகலான மனை, கூட்டமான இடம், அதற்கு இந்தச் சுருள்தான் விடை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த முகப்பு உலகப் பிரசித்தம் ஆகிவிட்டது, ஆனால் அவர் முகப்பை வரைந்துவிட்டு உள்ளே தோசைக்கல் எங்கே போடலாம் என்று தேடவில்லை. நடக்கிற வழியை வரைந்தார், முகப்பு தானாக வந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அது தோதாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. செங்கல்லைப் படுக்க வைக்காமல் ஒருக்களித்து நிறுத்தி அடுக்கினால் ஒன்பது அங்குலச் சுவருக்குள்ளேயே காலியிடம் கிடைக்கும். செங்கல்லில் கால்வாசி மிச்சம், உள்ளே அடைபட்ட காற்று வெக்கையையும் தடுக்கும். நம் கொத்தனார்கள் செய்யத் தயங்குவதற்குக் காரணம் வித்தை தெரியாததல்ல, நேரம் கூடப் பிடிக்கும், காண்ட்ராக்ட்காரர் சதுரத்துக்கு இவ்வளவு என்று பேசிய கூலியில் அது கட்டாது. இதையெல்லாம் பேசாமல் "குறைந்த செலவில் வீடு" என்று தலைப்புப் போட்டால் படிக்கிறவர் வந்து எங்களிடம் சண்டை பிடிக்கிறார்.

இனி கூரையில் பானை வைக்கிற விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு ஆசை அதிகம். ஆப்பிரிக்காவில் புர்க்கினா ஃபாசோ நாட்டில் காண்டோ என்ற கிராமத்தில் பிறந்து ஜெர்மனியில் படித்தவர் பிரான்சிஸ் கெரே. 2022-இல் கட்டடக்கலைக்கு உலக அளவில் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசு வாங்கினார், அந்தப் பரிசு வாங்கிய முதல் ஆப்பிரிக்கர். சொந்த ஊரில் பள்ளிக்கூடம் கட்டியவர், பக்கத்திலேயே நூலகத்துக்கு என்ன செய்தார் என்றால், ஊர்ப் பெண்கள் கொண்டுவந்த மண்பானைகளின் அடியை வெட்டி, கூரைக்குக் கான்கிரீட் போடும்போதே அவற்றை உள்ளே பதித்துவிட்டார். பானை இருந்த இடமெல்லாம் வட்டத் துளை. வெளிச்சம் வட்டம் வட்டமாக இறங்கும், சூடான காற்று மேலே ஏறி வெளியே போகும், மேலே தள்ளி ஒரு தகரக் கூரை வெயிலைத் தாங்கிக்கொள்ளும். இதை எழுதும்போது எனக்கு ஞாபகம் வருவது காருகுறிச்சி. நாதஸ்வரத்துக்குப் பேர்போன அதே காருகுறிச்சியில் சூளையிலிருந்து எடுத்த பானையை லாரியில் ஏற்றி எங்கெங்கோ அனுப்புகிறார்கள், சேரன்மகாதேவியில் கட்டுகிற வீட்டின் கூரைக்கு ஒன்றுகூடப் போவதில்லை. சிலாப்பின் அடிப்பாதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை, கம்பிதான் இழுவையைத் தாங்குகிறது, அந்தக் கான்கிரீட்டுக்குப் பதிலாக மண் ஓடோ சட்டியோ கவிழ்த்து வைக்கலாம், சிமென்ட் மிச்சம், வெக்கை குறையும், அண்ணாந்து பார்த்தால் அழகு. எஞ்சினியரிடம் கணக்குப் போட்டு வாங்கிச் செய்ய வேண்டிய வேலை, சும்மா இஷ்டத்துக்குச் செய்கிறதில்லை. ஆரோவில்லில் அனுபமா குண்டூ 2000-இல் கட்டிய வால் ஹவுஸ் மெல்லிய அச்சுக்கல் சுவரும் சுடுமண் கூம்புகள் அடுக்கிய வளைகூரையுமாக நிற்கிறது, அதை 2012-இல் இத்தாலியில் வெனிஸ் கண்காட்சியில் முழு அளவில் திரும்பக் கட்டிக் காட்டினார்கள். புதுச்சேரியில் ரே மீக்கர் என்ற குயவர் இன்னும் ஒரு படி மேலே போய், பச்சை மண்ணால் வீட்டைக் கட்டி, உள்ளே பச்சைச் செங்கல்லை அடுக்கி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டார். விறகுச் செலவை நினைத்தால் எல்லாரும் செய்யக்கூடியதல்ல, ஆனால் அந்தத் தைரியத்துக்கு ஒரு கும்பிடு.

கடைகளுக்கு வருவோம். நெல்லை வண்ணாரப்பேட்டையிலும் ஜங்ஷனிலும் கடந்த சில வருஷங்களில் எழும்பிய பெரிய கடைகளை வரிசையாகப் பாருங்கள். கண்ணாடி, ஏசிபி என்கிற அலுமினிய ஷீட், அதற்கு மேல் நடிகை படம் போட்ட ஃபிளெக்ஸ். கண்ணாடி வைத்த காரணம் வெளிச்சம் என்றால் அதன் மேல் ஃபிளெக்ஸ் ஒட்டக் கூடாது, ஃபிளெக்ஸ்தான் வேண்டும் என்றால் கண்ணாடி எதற்கு? புடவை எடுக்கப் போகிற பெண்கள் இன்றைக்கும் என்ன கேட்கிறார்கள், "வாசல்ல கொண்டுபோய் வெளிச்சத்துல பாத்துக்கிடவா?" அரக்கா குங்குமமா என்று அந்த வெள்ளை விளக்கில் கண்டுபிடிக்க முடியாது. நாலு மாடி ஏசி கட்டடத்தில், இரண்டாவது மாடியிலிருந்து, கையில் புடவையோடு ஒரு பெண் வாசலைத் தேடி இறங்கி வருகிறாள் என்றால் அந்தக் கட்டடம் தோற்றுவிட்டது. வடக்குப் பக்கம் ஒரு நீள ஜன்னல், அதன் கீழே ஒரு மேடை, வேலை முடிந்தது. பழைய ஜவுளிக்கடைகளில் வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் உட்கார வைத்து மடியில் விரித்துக் காட்டுவார்களே, அதற்கு ஒரு காரணம் இருந்தது, உட்கார்ந்தால்தான் மடிப்பு விழுவது தெரியும். கூட வந்த ஆண்களுக்கு இடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மாடிப்படியில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் கூட்டத்தை எந்த டிசைனரும் கணக்கில் எடுப்பதில்லை!

கடை முகப்பை வைத்து விளையாடினவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் 1975-இல் சைட் என்ற குழு ஒரு பெரிய கடைக்கு முகப்புச் செங்கல் இடிந்து சரிந்து விழுவது மாதிரியே கட்டிக் கொடுத்தது. உள்ளே வழக்கமான பெட்டிக் கட்டடம், வெளியே இடிபாடு. அவர்கள் முகப்பைக் கேலி செய்யத்தான் அப்படிச் செய்தார்கள். நாம் கேலி இல்லாமல், நிஜமாகவே ரோமாபுரித் தூண் வைக்கிறோம்.

நம் ஊரில் ரொம்பப் பேர் தேடி வருகிற கடைக்கு எலிவேஷனே கிடையாது. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் இருட்டுக்கடை. சாயங்காலம் திறப்பு, மங்கலான வெளிச்சம், குறுகலான முன்பக்கம், வரிசையில் நிற்கிற கூட்டம்தான் அடையாளம். எந்த டிசைனரும் யோசித்துச் செய்ததில்லை, ஆனால் இருட்டையே கடைக்கு அடையாளமாக்குகிற துணிச்சல் இன்றைக்குக் கோடி ரூபாய் போட்டு உள் அலங்காரம் செய்கிறவர்களுக்கு வருமா? அந்த வீதியிலேயே சில பழைய கடைகளில் ஷட்டருக்குப் பதிலாக எண் போட்ட மரப்பலகைகளைக் காடியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சொருகி அடைப்பதைப் பார்த்திருக்கிறேன். பாதிப் பலகையை மட்டும் எடுத்தால் பாதிக் கடை, முழுதும் எடுத்தால் கடை தெருவோடு தெருவாக இருக்கும், தேர் வருகிற நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் கூட்டம் ஒதுங்க இடம். ஆனித் தேரோட்டத்தன்று அந்தக் கடைகளுக்குள் ஏறி நின்று பார்க்காத டவுன்காரர் உண்டா? கண்ணாடிக் கதவு வைத்த கடைகள் அன்றைக்குப் பூட்டிக் கிடக்கும்.

கலைக்கூடம் என்று வந்தால் அகமதாபாத்தில் பி.வி. தோஷி 1990-களில் ஓவியர் எம்.எஃப். ஹுசைனுக்காகக் கட்டிய குகையைச் சொல்ல வேண்டும். பூமிக்கு அடியில் இறங்கிப் போக வேண்டும். சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாத வளைவுகள், கம்பிவலையில் சிமென்ட் பூசிய மெல்லிய ஓடு, மேலே உடைந்த வெள்ளைப் பீங்கான் துண்டுகள் பதித்தது. நம்மூரில் தட்டட்டி என்கிற மொட்டைமாடியின் வெக்கைக்கு உடைந்த டைல்ஸ் பதிப்போமே அதே வேலைதான். தொழில்முறைக் கட்டட ஆட்கள் இல்லை, பழங்குடித் தொழிலாளர்கள் எளிய கைக்கருவிகளோடு கட்டியது. ஹுசைன் படத்தைச் சட்டம் போட்டு மாட்டவில்லை, அந்த வளைவுகளிலேயே வரைந்தார். தோஷி 2018-இல் பிரிட்ஸ்கர் வாங்கினார், அதை வாங்கிய முதல் இந்தியர், 2023-இல் மறைந்தார். கட்டடமும் ஓவியமும் பிரியாமல் இருப்பது நமக்குப் புதிதில்லை, குற்றாலத்தில் சித்திர சபை என்று ஓவியத்துக்காகவே ஒரு சபை இருக்கிறது, அங்கே சுவரில் எழுதிய நடராஜர்தான் சாமி. சீசனுக்கு அருவியில் குளிக்கப் போகிற கூட்டத்தில் எத்தனை பேர் அங்கே எட்டிப் பார்க்கிறார்கள்?

இடத்தை வைத்துக் கதை சொல்கிற கட்டடம் பக்கத்திலேயே வந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆதிச்சநல்லூரில் 2023-இல் திறந்த கூடத்தில், தோண்டிய குழியையும் முதுமக்கள் தாழிகளையும் எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காமல் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மேலே கண்ணாடித் தரை போட்டு நடக்க விட்டிருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் காலுக்குக் கீழே தாழி. பிள்ளைகள் முதலில் கால் வைக்கப் பயப்படுகிறார்கள், அப்புறம் படுத்துக்கொண்டே பார்க்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கட்டடம் ஒன்றும் விசேஷம் இல்லை, அதனாலேயே உங்கள் பக்கத்தில் அது வராது என்று நினைக்கிறேன்.

கொச்சியில் 2012-இலிருந்து பழைய வியாபாரக் கிட்டங்கிகளைக் கலைக் கண்காட்சிக்குத் திறந்துவிடுகிறார்கள், தென்னாப்பிரிக்காவில் கேப்டவுனில் தானியம் கொட்டிவைத்த உயரமான கான்கிரீட் குதிர்களின் நடுவைக் குடைந்து 2017-இல் அருங்காட்சியகம் ஆக்கினார்கள். தாமிரபரணிக் கரை நெடுக மூடிக்கிடக்கும் ரைஸ் மில்கள் நம்மிடம் இருக்கின்றன, இருபதடி உயரக் கூரை, நெல் காயவைத்த அகலமான களம். நம் பக்கத்தில் படம் வரைகிற, சிற்பம் செய்கிற பிள்ளைகளுக்குக் காட்சி வைக்கக் கல்யாண மண்டபம்தான் கிடைக்கிறது, அதுவும் முகூர்த்தம் இல்லாத நாளில்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் எல்லாரும் பேஸ்மட்டத்தை உயர்த்துகிறார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததைப் பார்த்தவர்களை உயர்த்தாதே என்று சொல்ல நான் யார்? ஆனால் வீடு நாலடி உயர்ந்தால் வண்டி ஏற்றுகிற சாய்தளம் தெருவில் பாதியைத் தின்கிறது, பக்கத்துப் பழைய வீடு பள்ளமாகிவிடுகிறது, தண்ணீர் அங்கே போய் நிற்கிறது. வயசானவர்கள் படியேற முடியாமல் உள்ளேயே இருக்கிறார்கள். இதற்கு யாராவது ஒரு நல்ல வழி கண்டுபிடித்திருந்தால் அதையும் போடுங்கள், எங்களுக்கு அதுதான் இப்போது அவசரத் தேவை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை ஒரு வீட்டையோ கடையையோ போடும்போது முகப்புப் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி, பக்கத்தில் பிளானையும் குறுக்கே வெட்டிக் காட்டுகிற செக்ஷனையும் போடுங்கள். குடியிருக்கிறவர்களிடம் ஒரு வருஷம் கழித்துப் போய்க் கேட்டு எழுதுங்கள், முக்கியமாக அடுக்களையில் நிற்கிறவரிடம். கட்டிய கொத்தனார், ஆசாரி பேரையும் ஆர்க்கிடெக்ட் பேருக்குக் கீழே சேர்த்துவிடுங்கள். அப்புறம், வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி இல்லாமல் யாராவது பிளான் அனுப்பினால் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள், அதை வைத்துக்கொண்டு நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
பாளையங்கோட்டை